மிட்டாய்க்குப் பதில் ஒரு பிரஷ்: ஆலய அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

ரங்கூன், பெகு, தட்டோன், மோல்மேன் வட்டாரத் தமிழ் ஆலயங்களின் அறங்காவலர் பெருமக்களுக்கும், அந்த ஆலயங்களின் நிழலில் தமிழ் வகுப்பு நடத்திவரும் ஆசிரிய அன்பர்களுக்கும் வணக்கம்.

நான் ரங்கூனில் தேநீர்க்கடை வைத்திருப்பவன். என் தகப்பனார் மூட்டிய அடுப்பு, இன்னும் அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டம் ஓய்ந்ததும் கடையை மகனிடம் விட்டுவிட்டு, கோயில் மண்டபத்தில் சிறுவர்களுக்கு அ, ஆ சொல்லிக்கொடுக்கப் போவேன். பட்டம் பெற்ற ஆசிரியன் அல்லன். அந்த மண்டபத்துத் தூணில் சாய்ந்து தமிழ் படித்தவன், படித்ததைத் திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதான்.

எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. உங்கள் வகுப்பிலும் இருக்கும். பழமொழியோ செய்யுளோ பிழையில்லாமல் ஒப்பித்தால் ஒரு மிட்டாய். பர்மியப் பள்ளியில் வாரம் முழுவதும் பர்மியம் படித்துவிட்டு வரும் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை தமிழ் பேச வைக்க வேறு என்ன இருக்கிறது நம் கையில்? அந்த மிட்டாய் டப்பா என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. சாவியும் என்னிடம்தான்.

சென்ற மாதம் ஐந்து வயதுப் பையன் ஒருவன் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, 'ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி' என்று கணீரென்று சொன்னான். ழகர ளகரத்துக்கு வேலையில்லாத பழமொழிதான், இருந்தாலும் அந்தக் குரலுக்கே கொடுக்கலாம் என்று ஒன்றுக்கு இரண்டாக மிட்டாய் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சிரித்தான். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் ஈறோடு ஈறாகக் கரைந்து, பழுப்பு முளைகளாக நின்றன. பல்லுக்கு உறுதி சொன்ன வாய்க்கு நான் கொடுத்த பரிசு அது. பக்கத்தில் இருந்த ஆசிரியை சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அதற்கு மூன்று வாரம் முன்புதான் என் பேத்தியின் பல் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு வந்திருந்தோம்.

அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த மடலே அதிலிருந்து பிறந்ததுதான்.

பேத்திக்கு எட்டு வயது. ஒரு வருடமாகவே கீழ்த்தாடையில் கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று அவ்வப்போது சொல்வாள். கிராம்பை நசுக்கி வைப்போம். வலி அடங்கும். மருமகள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டலாமா என்று கேட்டபோது, 'பால்பல்தானே, விழுந்து முளைக்கும், அதற்கு ஏன் வீண் செலவு' என்று சொன்னவன் நான். வீட்டுக்குப் பெரியவன் சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? ஒரு நாள் இரவு கன்னம் பணியாரம் போல வீங்கிவிட்டது, காய்ச்சல் வேறு. மறுநாள் மாலை மருத்துவமனையில் மின்சாரம் போய்விட, பேட்டரி விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பர்மிய மருத்துவப் பெண்மணி வாய்க்குள் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, கண்ணாடியைக் காட்டி, முன்னாலிருந்து ஒவ்வொரு பல்லாகத் தொட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. 'இந்த ஐந்தும் பழைய வரிசை இடங்கள். ஆறாவது இது. இது பால்பல் இல்லை, தாத்தா. இவள் அறுபது வயதுவரை மெல்ல வேண்டிய பல்.'

'சயாமா, எந்தப் பல்லும் விழவில்லையே அந்த இடத்தில்' என்றேன்.

'அதனால்தான் யாருக்கும் தெரிவதில்லை' என்றார்.

அறுபதைத் தாண்டிய எனக்கு அன்றுதான் தெரிந்தது. பால்பற்கள் மொத்தம் 20. தாடைக்குப் பத்து, பக்கத்துக்கு ஐந்து. ஆறு வயதை ஒட்டி, அந்த ஐந்துக்கும் பின்னால், எதையும் தள்ளாமல் எதற்கும் பதிலாக வராமல், சந்தடியில்லாமல் முளைக்கிறது முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல். வலது இடது, மேல் கீழ் என்று நான்கு. முன்பல் விழுந்தால் ஊரைக் கூட்டிக் காட்டும் பிள்ளை, இது முளைத்ததைச் சொல்லாது, அதற்கே தெரியாது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள், புதிதாக முளைத்த பல்லில் இன்னும் முற்றாத எனாமல் என்ற மேலோடு, பிரஷ் எட்டாத மூலை. சொத்தைக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது. முளைத்த புதிதிலேயே மருத்துவரிடம் போயிருந்தால் அந்தப் பள்ளங்களை அடைக்க ஒரு பூச்சு பூசியிருப்பார்களாம், வலி இல்லை, ஊசி இல்லை. நாங்கள் கிராம்பு வைத்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே, பெரியோர்களே, உங்கள் வீட்டில் ஐந்து முதல் ஏழு வயதுவரை குழந்தை இருந்தால் இன்று இரவே வாயைத் திறக்கச் சொல்லி எண்ணிப் பாருங்கள். ஆறாவது இருக்கிறதா என்று பாருங்கள். இந்த மடலில் வேறு எதை மறந்தாலும் பரவாயில்லை.

பால்பல் என்றாலும் அலட்சியம் கூடாது என்பதையும் அன்றே சேர்த்துச் சொன்னார் அந்த மருத்துவர். கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை வாயில் இருக்க வேண்டியவை. முன்கூட்டியே போனால் பக்கத்துப் பற்கள் அந்த இடத்தில் சாய்ந்துவிடும், அடியிலிருந்து வருவது வழி தெரியாமல் கோணலாக முளைக்கும். பல்லில் வலி உள்ள பிள்ளை சரியாகச் சாப்பிடாது, தூங்காது, படிப்பில் மனம் செலுத்தாது. வகுப்பில் தூங்கி வழியும் பிள்ளையை நாம் சோம்பேறி என்று திட்டியிருக்கிறோமே, அதில் எத்தனை பேருக்குப் பல்வலி இருந்ததோ. உலக சுகாதார நிறுவனம் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, உலகில் 51 கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்குப் பால்பற்களில் சொத்தை இருப்பதாகக் கணக்கிடுகிறது. கணக்கு பெரிது. எனக்கு அந்த ஒரு பையனின் சிரிப்பே போதுமாக இருந்தது.

பர்மிய மொழியில் பல்லுக்குத் 'துவா' என்று பெயர், 'போ' என்பதற்கும் அதே 'துவா'தான். நம் பிள்ளைகளின் பற்கள் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டுவிட்டன போலிருக்கிறது.

இனி மிட்டாய்க் கணக்குக்கு வருகிறேன். மருத்துவர் எனக்குச் சொன்னதைக் கடைக்காரன் மொழியில் சொல்கிறேன். பல்லின்மேல் படியும் பாசியில் கிருமிகள் குடியிருக்கின்றன. நாம் சர்க்கரை தின்றால் அவையும் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அந்த அமிலம் எனாமலில் உள்ள சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது. எச்சில் ஊறி ஊறி அதைக் கழுவி, போன சத்தைத் திரும்பப் படிய வைக்க அரைமணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். எச்சில் இப்படிப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த மிட்டாய் உள்ளே போனால் வேலை மறுபடி முதலிலிருந்து. எவ்வளவு தின்றோம் என்பதோடு எத்தனை தடவை தின்றோம் என்பதும் பெரிய கேள்வி. காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிக்குள் ஆறு செய்யுள் ஒப்பித்து ஆறு மிட்டாய் வாங்கும் கெட்டிக்காரப் பிள்ளையின் வாயில் இரண்டு மணி நேரமும் அமிலம்தான். ஒன்றும் ஒப்பிக்காத மக்குப் பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. தமிழில் முதல் மதிப்பெண், பல்லில் கடைசி மதிப்பெண். இந்த நிலைமையை உண்டாக்கியவர்கள் ஆசிரியர்களாகிய நாமே.

அடுத்து என் கடை. ஊரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிட்டால் நியாயம் இல்லை. எங்கள் தேநீரின் உயிர் டின் பால். கெட்டிப்பால் நூறு கிராமில் ஐம்பது கிராமுக்கு மேல் சர்க்கரைதான். 'சோ செயிங்', அதாவது இனிப்பும் பாலும் தூக்கலாக, என்று கேட்டு வாங்குபவர்களுக்கு அதிலும் கூடுதல் கரண்டி. காலையில் அப்பாவோடு வரும் பிள்ளைகள் தட்டில் உள்ள ஈச்சாகுவே என்ற, எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரத்தைப் பிய்த்து, அப்பாவின் கோப்பையில் தோய்த்துத் தின்னும். நான் அதைப் பார்த்து ரசித்திருக்கிறேன். வீடுகளில் இன்னும் மோசம்: தூள், பால்மா, சர்க்கரை மூன்றும் ஒன்றாய்க் கலந்த காப்பி, தேநீர்ப் பொட்டலத்தை வெந்நீரில் கொட்டிக் கலக்கி, அதுவே பள்ளிக்குப் போகும் பிள்ளையின் காலை உணவு. சிலர் கெட்டிப்பாலைத் தண்ணீரில் கரைத்துக் கைக்குழந்தைக்குப் புட்டியில் கொடுக்கிறார்கள். பல டின்களின் மேலேயே கைக்குழந்தைக்கு ஆகாது என்று அச்சிட்டிருக்கிறது. அந்தப் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தை தூங்கிப்போனால், தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடுவதால், இரவெல்லாம் அந்த இனிப்பு மேல்வரிசை முன்பற்களை ஊறவைத்துக்கொண்டிருக்கும். அந்தப் பையனின் நான்கு பழுப்பு முளைகளுக்கும் பெரும்பாலும் இதுவே காரணம் என்றார் மருத்துவர்.

சாப்பிட்டதும் ஒரு துண்டு பனைவெல்லம் வாயில் போடுவது இந்த நாட்டு வழக்கம், நமக்கும் ஒட்டிக்கொண்டது. வெல்லம் மருந்து, சர்க்கரைதான் விஷம் என்று நினைக்கிறோம். கிருமிக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆனால் சாப்பாட்டோடு சாப்பாடாகத் தின்பது, நடுநடுவே கொறிப்பதைவிட எவ்வளவோ மேல்.

இனி நான் எழுதப் போவது சில பெரியவர்களுக்குக் கோபம் தரும். தரட்டும்.

வெற்றிலை. தாம்பூலத் தட்டைப் பற்றிப் பேசவில்லை, கல்யாணத்துக்கும் நிச்சயத்துக்கும் தட்டு மாற்றுவது நம் மரியாதை, அது இருக்கட்டும். நான் சொல்வது தெருமுனைப் பெட்டிக்கடையில் சுண்ணாம்பு தடவி, பாக்கும் புகையிலையும் வைத்து மடித்து, பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரும் கூன்யாவை. இருபத்தைந்து வருடம் நானும் போட்டவன், விட்டு நான்கு வருடம் ஆகிறது, இப்போதும் மழை நாளில் நாக்கு கேட்கிறது. புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-லேயே வகைப்படுத்திவிட்டது. 2004-ல் புகையிலை இல்லாத வெற்றிலைப் பாக்கையும், வெறும் பாக்கையும்கூட அதே முதல் வகையில் சேர்த்தது. 'நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குதான்' என்று சொல்லிக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பாக்கினால் கன்னத்தின் உட்தசை நார் நாராக இறுகி, வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க முடியாமல் போகும். மூன்று விரலை நெட்டாக வைத்து வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலும், வாயில் வெள்ளைத் திட்டோ சிவப்புத் திட்டோ இரண்டு மூன்று வாரம் ஆறாத புண்ணோ இருந்தாலும், அன்றே போய்க் காட்டுங்கள்.

இது குழந்தைகளின் மடலில் எதற்கு என்று கேட்பீர்கள். பெட்டிக்கடைக்குப் போய் கூன்யா வாங்கி வர நாம் யாரை அனுப்புகிறோம்? வகுப்புக்கு வந்த பிள்ளையை. மீதிக் காசுக்கு அது மிட்டாய் வாங்கிக்கொள்ளும். மண்டபத்துப் படியோரம் சிவந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டே வளர்கிற பிள்ளை, பதினைந்து வயதில் தானும் ஒன்றை மடித்து வாயில் அடக்கினால் யாரைக் கேட்பது? கோயில் வளாகத்துக்குள் கூன்யா கூடாது, வாங்கிவரப் பிள்ளைகளை அனுப்பக் கூடாது என்று ஒரு வரித் தீர்மானம் போடுங்கள். அறங்காவலர் கூட்டத்தில் அதை முன்மொழிபவர் வாயில் அந்த நேரம் ஒன்றும் இல்லாதிருந்தால் இன்னும் நல்லது.

இப்போது என் முக்கியமான கோரிக்கை.

பள்ளிக் கோடை விடுமுறையில் நம் தமிழ் வகுப்புகள் வாரத்தில் ஒரு நாள் என்றில்லாமல் தினமும் நடக்கும். இந்த ஆண்டு அந்தக் கோடை வகுப்பில் தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும், வீட்டுக்கு அனுப்பும் முன், எல்லாப் பிள்ளைகளையும் ஒன்றாக நிற்கவைத்துப் பல் துலக்கவையுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டு அரசுப் பள்ளிகளில் இதைத் தினசரி வேலையாகவே செய்கிறார்கள், அங்கிருந்து கம்போடியா, லாவோஸ் பக்கமும் பரவியிருக்கிறது. பணக்கார நாடுகள் இல்லை அவை. நம்மைப் போன்றவைதான்.

வாஷ்பேசின் தேவையில்லை. பிள்ளைக்கு ஒரு பிரஷ், ஒரு குவளை, இரண்டிலும் பெயர், தமிழில் எழுதினால் அன்றைய எழுத்துப் பாடமும் முடிந்தது. பசையை ஆசிரியர் வைக்க வேண்டும், பிள்ளை கையில் கொடுத்தால் விளம்பரத்தில் வருவதுபோல் நீளமாகப் பிதுக்கும். மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் பட்டாணி அளவு, அதற்குக் கீழ் தம்பி தங்கை யாராவது கூட வந்திருந்தால் அரிசி அளவு. மரத்தடியிலோ வடிகால் ஓரத்திலோ வரிசையாக நின்று, இரண்டு நிமிடம் துலக்கி, நுரையைத் துப்பிவிட வேண்டும். வாய் நிறையத் தண்ணீர் விட்டுக் கொப்பளிக்கத் தேவையில்லை. கொப்பளித்தால், பசையில் இருந்து பல்லில் தங்கிச் சொத்தையைத் தடுக்க வேண்டிய ஃபுளோரைடும் போய்விடும். கோடையில் தண்ணீர்ப் பஞ்சம் என்ற சாக்கு ஆகவே எடுபடாது. இரண்டு நிமிடத்துக்குக் கடிகாரமும் வேண்டாம், ஆசிரியர் ஒரு பாட்டைப் பாடட்டும், பிள்ளைகள் பதில் பாட முடியாது, அந்த அமைதி ஒரு கூடுதல் லாபம். முடிந்ததும் பிரஷ்களை ஒன்றோடொன்று உரசாமல் நிமிர்த்தி வைத்துக் காற்றாட விட வேண்டும்.

பசை வாங்கும்போது மட்டும் ஒரு கவனம். எந்த நாட்டுப் பசையானாலும் சரி, அட்டையில் ஃபுளோரைடு அளவு 1000 முதல் 1500 பிபிஎம் வரை என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத பசையும், கரித்தூளும், உப்பும், சிவப்புப் பல்பொடியும் வாயை மணக்கச் செய்யலாம், சொத்தையைத் தடுக்காது. கரித்தூளைப் போட்டுப் பரபரவென்று தேய்த்தால் எனாமல்தான் தேயும். வேப்பங்குச்சியை நான் பழிக்கவில்லை. என் அப்பத்தா கடைசிவரை அதில்தான் துலக்கினார், முழுப் பல்லோடுதான் போனார். ஆனால் அவர் காலத்தில் பொட்டலக் காப்பி இல்லை.

'ஒரு கோடை துலக்கினால் ஆயுளுக்கும் போதுமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். போதாது. இரவு தூங்கும் முன் வீட்டில் துலக்குவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம், அதை நீங்களோ நானோ போய்ச் செய்ய முடியாது. ஆனால் இரண்டு மூன்று மாதம் தினமும் கூட்டமாகச் செய்த பிள்ளை வீட்டில் போய் 'அம்மா, பிரஷ் எங்கே?' என்று கேட்கும். என் பேத்தி இப்போது என்னையே கேட்கிறாள். தலைவாரிவிடுவது போலத்தான் இதுவும், ஏழெட்டு வயதுவரை கடைசியாக ஒரு தரம் பெரியவர் கை பட வேண்டும். கோடை வகுப்பின் முதல் நாள் பெற்றோரை வரவழைத்து இதைச் சொல்லிவிடலாம், முதல் நாள் எப்படியும் வருவார்கள்.

செலவு? ஒருநாள் அன்னதானத்துக்கு உபயதாரர் பெயர் போட்டுப் பலகை வைக்கிறோம். அதே போலப் பிரஷ் உபயம், பசை உபயம் என்று இரண்டு பலகை வையுங்கள். பெயர் போட்டால் நம்மவர்கள் கொடுப்பார்கள், எனக்குத் தெரியும்.

இன்னொன்றும் உங்களால் முடியும். ரங்கூனிலும் மண்டலேயிலும் பல் மருத்துவப் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே படித்த, படிக்கிற இளைஞர்களை அழைத்து, விடுமுறையில் இரண்டு நாள் மண்டபத்தைக் கொடுத்தால் எல்லாப் பிள்ளைகளின் வாயையும் பார்த்துவிடலாம். மின்சாரம் இல்லையே, இயந்திரம் ஓடாதே என்று கவலை வேண்டாம். கைக்கருவியாலேயே சொத்தையைச் சுரண்டி எடுத்து அடைக்கும் முறை ஒன்று உண்டு. சொத்தையை அப்படியே நிறுத்திவைக்க ஒரு வெள்ளி மருந்தும் இருக்கிறது, தூரிகையால் தொட்டு வைத்தால் போதும், 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருந்து பட்ட சொத்தை கறுத்துவிடும், அதை முன்கூட்டியே தாய்மாரிடம் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சண்டைக்கு வருவார்கள்.

பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் நிறுத்தச் சொல்லுகிறேன் என்று யாரும் வதந்தி கிளப்ப வேண்டாம். பிரசாதம் பிரசாதமாக, சாப்பாட்டு நேரத்தில், ஒரே தடவையாக வரட்டும். வகுப்பு நடக்கும்போது பூந்தியையும் கல்கண்டையும் கொண்டுவந்து நடுநடுவே நீட்டும் பக்தர்களை மட்டும் கொஞ்சம் தடுத்து நிறுத்துங்கள்.

மிட்டாய் டப்பாவைக் காலிசெய்துவிட்டேன். இப்போது ஒப்பிக்கும் பிள்ளைக்கு ஒரு பென்சிலோ, ஒட்டிக்கொள்ளும் படமோ கொடுக்கிறேன். முதல் வாரம் முணுமுணுப்பு இருந்தது. ஒருத்தி 'மிட்டாய் இல்லாவிட்டால் ஏன் படிக்க வேண்டும்?' என்று நேராகவே கேட்டாள். நல்ல தமிழில் கேட்டாள் என்பதால் இரண்டு படம் கொடுத்தேன்.

எங்கள் வகுப்புக்கு மட்டும் நாற்பது குவளை வாங்கி, பெயர் எழுதிக் கடை மாடியில் அடுக்கியிருக்கிறேன். மண்டபத்துப் பின்புறம், கிணற்றடிக்குப் பக்கத்தில், பிரஷ் மாட்ட ஒரு பலகை அடித்துக்கொள்ள அறங்காவலர்கள் அனுமதி தர வேண்டும். ஆணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்புத் தேநீர்க்கடைக்காரன்,
ரங்கூன்